மூன்றாவது உணவகம்

குளிர் அறைக்குள் இரண்டு டிகிரி. பெரியவன் ஏணியில் நின்று, கூரையோரம் இருந்த காற்றாடியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் செல்போன் இரண்டு முறை அதிர்ந்தது. திருகாணிகளைப் பல்லிடுக்கில் கவ்வியிருந்ததால் உடனே எடுக்கவில்லை. குழாயில் படிந்திருந்த பனியைச் சுரண்டி எடுத்து, மூடியை மாட்டி, கீழே இறங்கி, முட்டை அட்டைகளுக்கும் பால் பெட்டிகளுக்கும் நடுவே நின்று பார்த்தான். குடும்பக் குழுவில் தம்பி ஒரு படம் போட்டிருந்தான். இருபத்திரண்டாவது மாடியில் ஓர் உணவகம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நகரம் முழுவதும் விளக்குகள். கீழே ஒரே வரி: 'அம்மாவுக்கு இது எப்படி?' அதற்குள் மூன்று இதயங்கள் விழுந்திருந்தன. ஒன்று பெரியவனின் மனைவி போட்டது. இன்னொன்று அவன் மகள் போட்டது.

கையுறையைக் கழற்றிவிட்டு 'வேண்டாம்' என்று அடித்தான். காரணம் எழுதவில்லை.

காரணம் இருந்தது. அந்த இருபத்திரண்டாவது மாடியின் குளிர் அறையை அவனுக்கு நன்றாகத் தெரியும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் தொங்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்து அதில் எழுத வேண்டும். ஒரு திங்கட்கிழமை அவன் போனபோது வியாழக்கிழமை வரைக்கும் எழுதி முடித்திருந்தார்கள். இன்னும் வராத மூன்று நாட்களின் குளிர், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில். அன்றைக்கு உண்மையில் உள்ளே பதினொரு டிகிரி. இறைச்சி வியர்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் இதை அவன் யாரிடமும் சொல்ல முடியாது. குளிர் அறைகளைப் பழுதுபார்க்கிற வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி கையெழுத்து வாங்கிக்கொண்ட விதி அது. குளிர் அறைக்குள் பார்த்ததைக் கதவுக்கு வெளியே கொண்டுவரக் கூடாது. பதினெட்டு வருடங்களில் ஒரு முறைகூட அவன் மீறியதில்லை. மனைவி ஏதாவது ஒரு கடையின் பெயரைச் சொன்னால் "போலாம்" என்பான், அல்லது "வேணாம்" என்பான். அவ்வளவுதான். அவள் அதற்கு 'ஊமை சர்டிபிகேட்' என்று பெயர் வைத்திருந்தாள்.

அம்மாவுக்கு அந்த மாதம் எழுபது வயது. அதைவிடப் பெரிய விசேஷம், இரண்டாவது கண்ணுக்கும் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் நின்று வேலை பார்த்த அம்மா, ஒரு வெள்ளை விரிப்பில் கடுகளவு கறையையும் கதவருகிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு மூன்று வருடமாக எல்லாமே சோப்பு நீருக்குள் பார்ப்பதுபோல ஆகியிருந்தது. என்ன வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது அவள் சொன்னாள்: "துணி வேணாம், நகை வேணாம். எல்லாரும் ஒரு மேசையில உக்காரணும். நான் ஒவ்வொரு மூஞ்சியா பாக்கணும். மூணு வருஷமா உங்க குரலத்தான பாத்துட்டு இருக்கேன்."

அறுவை சிகிச்சைக்கு அழைத்துப்போனது பெரியவன்தான். விடுப்பு எடுத்து, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தான். சொட்டு மருந்தை நேரம் பார்த்து விட்டதும் அவன்தான். மணிக்கட்டில் பேனாவால் நேரத்தைக் குறித்துக்கொள்வான். ஆனால் கட்டுப் பிரிக்கிற அன்று காலை ஒரு மீன் கிடங்கில் கம்ப்ரஸர் நின்றுபோனது. நான்கு டன் மீன். போயே ஆகவேண்டும். ஒரு மணி நேரம் நின்று பார்த்துக்கொள் என்று தம்பியைக் கூப்பிட்டான். சின்னவன் வந்தான், நின்றான், கட்டுப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொன்னது ஒன்றுதான்: "கண்ணைத் தொறந்ததும் மொதல்ல பாத்தது சின்னவன் மூஞ்சியத்தான். அப்படியே அவங்கப்பா மாதிரி."

பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னாள். பால் போடுகிறவரிடம் சொன்னாள். மின்தூக்கியில் ஏறிய, முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் பெரியவன் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

சின்னவன் கெட்டவன் இல்லை. அதுதான் தொந்தரவே. கெட்டவனாக இருந்திருந்தால் பெரியவனுக்கு வேலை சுலபம். மருந்துக் கம்பெனியில் விற்பனை மேலாளர். டாக்டர்களையும் வெளியூர் விருந்தினர்களையும் சாப்பிட அழைத்துப்போவது அவன் உத்தியோகத்தில் பாதி. நகரத்தின் எந்த உணவகத்தில் நுழைந்தாலும் "வாங்க சார், எப்பவும் உக்கார்ற எடமா?" என்பார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அம்மாவைப் பார்க்க வருவான். வந்தால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிடுவான். அண்ணியைக் கிண்டலடிப்பான், அண்ணன் மகளுக்கு அலைபேசியில் ஏதாவது காட்டிச் சிரிக்கவைப்பான். இரண்டு மணி நேரம். அவன் போன பிறகு வீடு, விருந்து முடிந்த கூடம்போல ஆகிவிடும். மிச்சம் பதினான்கு நாட்களும் அந்தக் கூடத்தைப் பெருக்குகிறவன் தான்தான் என்று பெரியவனுக்குத் தோன்றும்.

மறுநாள் இரண்டாவது படம் வந்தது. நூறு வகை உணவை வரிசையாக அடுக்கிவைத்து, நாமே எடுத்துச் சாப்பிடுகிற இடம். அங்கே கூரைக் குழாயிலிருந்து சொட்டும் நீர் நேராக மீன் தட்டுகளில் விழுவதைப் பெரியவன் பார்த்திருக்கிறான். 'வேண்டாம்' என்று அடித்தான்.

மூன்றாவதை ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே கொண்டுவந்தான் சின்னவன். ஏரிக்கரையில் புதிதாகத் திறந்த உணவகம். மூன்று பக்கமும் கண்ணாடி, மேலே பால்வெள்ளை விளக்குகள், பகல்போல வெளிச்சம். அம்மாவின் மடியில் செல்போனை வைத்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினான். புதுக் கண்களால் அம்மா அவற்றைத் தின்றுகொண்டிருந்தாள். "பாரு, அந்த மேசை விரிப்பு எப்படி இருக்குன்னு! நல்லா கஞ்சி போட்டிருக்காங்க," என்றாள்.

பெரியவனுக்கு அந்த இடமும் தெரியும். போன மாதம் கதவு ரப்பர் மாற்றப் போயிருந்தான். தலைமைச் சமையல்காரர் ஒரு பெண். ஒவ்வொரு பெட்டியிலும் அவர் கையால் தேதி எழுதி ஒட்டியிருந்தது. தரையில் ஈரம் இல்லை. கதவிடுக்கில் விரலை விட்டுப் பார்த்தான், விரல் சுத்தமாக வந்தது. பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு குளிர் அறையை அவன் பார்த்ததில்லை. வேலை முடிந்த பிறகும் இரண்டு நிமிடம் சும்மா உள்ளே நின்றிருந்தான்.

"என்னண்ணா, இது ஓகேவா?" என்றான் சின்னவன்.

அம்மாவின் விரல் இன்னும் படத்தின் மேலேயே இருந்தது. சின்னவனின் கை அவள் தோளில் இருந்தது.

"இதுவும் வேணாம்," என்றான் பெரியவன்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது.

"ஏன், என்ன அங்க?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது. உனக்குத் தெரியும்ல."

"சர்டிபிகேட் குடுத்தாச்சு, போங்க," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. மகள் பெருமூச்சு விட்டாள். சின்னவன் அண்ணனின் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"சரிண்ணா. அப்ப நீயே சொல்லு."

அம்மா நிமிர்ந்தாள். "அதான் சரி. பெரியவன் சொல்ற எடத்துக்கே போவோம். வெளிய எல்லாம் பளபளன்னுதான் இருக்கும். உள்ள என்ன நடக்குதுன்னு அவனுக்குத்தான தெரியும்."

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு பெரியவன் ஆறு நாள் சந்தோஷமாக இருந்தான். பேருந்தில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தான். 'அவனுக்குத்தான தெரியும்.' மூன்றாவது உணவகத்தைப் பற்றிய பொய் அந்த வாக்கியத்துக்கு அடியில் கிடந்தது. அதை அவன் மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனான்.

அவன் தேர்ந்தெடுத்தது ஒரு பழைய கட்டடத்தில் இயங்கிய, பெயர்பெற்ற உணவகம். இருபது மேசைக்கு மேல் கிடையாது. மாலையில் மட்டும்தான் திறப்பார்கள். அதன் குளிர் அறைக்கு நான்கு வருடமாக அவன்தான் மெக்கானிக். சமையற்கூடத்துத் தரையில் ஒரு பொட்டு அழுக்கைத் தேடினாலும் கிடைக்காது. ஆனாலும் சமையற்கூடத்தை மட்டும் நம்பி அவன் விடவில்லை. ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அங்கே வேலை இருந்தது. முடித்துவிட்டு, துடைக்கிற பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டுக் கூடத்தையும் போய்ப் பார்த்தான். திரைகள் விலகியிருந்தன. ஜன்னல் வழியாக வெயில் தரையில் விரிந்து கிடந்தது. கூரையில் எல்லாக் குழல்விளக்குகளும் எரிந்தன. நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவன் ஒன்றை இறக்கிப்போட்டு உட்கார்ந்து பார்த்தான். அம்மாவின் இடுப்புக்குச் சாய்மானம் சரியாக இருந்தது. வாசலில் எத்தனை படி என்று எண்ணினான். கழிப்பறைத் தரை வழுக்குமா என்று செருப்பால் தேய்த்துப் பார்த்தான். எல்லாம் சரி. இடத்தைப் பதிவு செய்கிற வேலையைச் சின்னவனிடம் கொடுத்தான். போனில் பேசுவதற்கு அவன்தான் லாயக்கு.

சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு ஆறு பேரும் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். முன்வாசல் வழியாகப் பெரியவன் நுழைவது அதுவே முதல் முறை.

உள்ளே இருட்டாக இருந்தது.

கண் பழகட்டும் என்று முதலில் நினைத்தான். பழகிய பிறகும் இருட்டுதான். காலையில் பார்த்த ஜன்னல்களின்மேல் கனமான திரைகள் இறங்கியிருந்தன. குழல்விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. அவை துடைப்பவர்களுக்கான விளக்குகள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஒவ்வொரு மேசையின் நடுவிலும் முட்டையளவு ஒரு விளக்கு, தன்னையே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் எரிந்தது. மற்ற மேசைகளில் ஆட்கள் இல்லை; கைகளும் கோப்பைகளும் மட்டும் அங்கங்கே மினுங்கின. தாழ்ந்த குரலில் பேசுகிற சிப்பந்தி ஒருவர் அம்மாவின் முழங்கையைத் தொட்டு நாற்காலிக்கு வழிகாட்டினார். மூன்று வருடமாகப் பழகிய கையசைப்பு அம்மாவுக்குத் தானாகத் திரும்ப வந்தது. உட்காருவதற்கு முன் நாற்காலியின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"கரண்ட் போயிடுச்சா?" என்றாள்.

மகள் சிரித்துவிட்டாள். சின்னவனின் மனைவி, "இல்லத்த, இங்க இப்படித்தான் வைப்பாங்க போல," என்றாள். அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டினாள். கழற்றிச் சேலைத்தலைப்பில் துடைத்து மறுபடி மாட்டினாள். எதிரே இருந்தவர்களை வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டு மூடிவிட்டாள். அந்த உறை மூடுகிற சத்தம் பெரியவனுக்குக் கேட்டது.

"பகல்ல வந்து பாத்தேன்னீங்க?" என்றாள் மனைவி, காதோரமாக.

"பாத்தேனே."

"எதைப் பாத்தீங்க?"

சின்னவன் சிப்பந்தியை அழைத்து, கூடுதலாக விளக்கு ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்தான். சிப்பந்தி மிகவும் மரியாதையாக, எங்கள் உணவகத்தின் சிறப்பே இந்தச் சூழல்தான் என்றார். வெளிச்சம் குறைந்தால் நாக்கு விழித்துக்கொள்ளும் என்றும் சொன்னார்.

"எனக்கு நாக்கு நல்லாத்தான்யா முழிச்சிட்டிருக்கு," என்றாள் அம்மா. "கண்ணுக்குத்தான் ஆபரேஷன்."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். பெரியவன் மட்டும் வாயைத் திறந்தான்: "அம்மா, நான் வந்து..."

"அம்மா, தப்பு என்னோடது," என்றான் சின்னவன். "இங்க உள்ள ஒரு தனி ரூம் இருக்கு, நல்ல வெளிச்சமா. அதைக் கேட்டு வாங்குடான்னு அண்ணன் நாலு தடவை சொன்னாரு. நான்தான் போன் பண்றப்ப மறந்துட்டேன்."

அப்படி ஒரு அறை இல்லை. நான்கு வருடமாக அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கதவையும் திறந்து மூடியவன் பெரியவன்.

"மறந்துட்டியா? இதைக்கூடவா?" அம்மாவின் கை இருட்டில் நீண்டது. பக்கத்தில் இருந்த சின்னவனின் தோளைத் தடவி, கழுத்தைத் தடவி, காதைக் கண்டுபிடித்து முறுக்கியது. "நாப்பத்திரண்டு வயசாச்சு. பள்ளிக்கூடத்துல டிபன் பாக்ஸை வச்சிட்டு வருவியே, அதே புத்தி. அண்ணன் ஒரு காரியம் சொன்னா ஒழுங்கா செய்யத் தெரியுதா உனக்கு?"

"ஆ... விடும்மா, வலிக்குது. ஆளுங்க பாக்குறாங்க."

"எவன்டா பாக்குறான் இந்த இருட்டுல?"

மேசையே குலுங்கியது. சின்னவனின் மனைவி, "இன்னும் ரெண்டு முறுக்கு முறுக்குங்கத்த, என் பங்குக்கு," என்றாள். ஒரு கெட்டுப்போன மாலை, ஒரு காதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டது.

பெரியவன் தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். தன்னைக் காப்பாற்றிவிட்டான் என்ற நன்றி வரவேண்டிய இடம் அது. வந்தது வேறு. தவறு தன்னுடையதாகவே இருந்திருந்தால் அம்மா என்ன செய்திருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். "பரவால்ல விடு" என்றிருப்பாள். குழாய் ஒழுகியபோதும், மருந்து வாங்க மறந்தபோதும், கோபத்தில் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டபோதும் அவள் அவனிடம் சொன்னது அதுதான். வீட்டு உரிமையாளரிடம் பேசுவதுபோல ஒரு பதம். அவன் காதை அவள் கடைசியாக முறுக்கியது எப்போது? அப்பா இறந்தபோது அவனுக்குப் பதினாறு. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட்டதாக நினைவில்லை. அவன் செய்த பிழையையும் தம்பி எடுத்துக்கொண்டான். அதற்குக் கிடைக்கிற திட்டையும் எடுத்துக்கொண்டான்.

சூப் வந்தது, போனது. மீன் வந்தது. மிக நல்ல மீன். அது எந்தத் தட்டில், எத்தனை டிகிரியில் படுத்திருந்தது என்றுகூடப் பெரியவனால் சொல்ல முடியும்.

"ருசியா இருக்கு," என்றாள் அம்மா. "எப்படி இருக்குன்னுதான் தெரியல." விரல்களால் தட்டுக்குள் துழாவினாள். "முள்ளு இருக்காடா இதுல?"

பெரியவனின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே எப்போதும் இருக்கும் பேனா அளவு டார்ச். நல்ல சட்டை போட்டாலும் அதை எடுத்துச் செருகிக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவான். பொத்தானை அழுத்தினான். குளிர் அறையின் மூலைகளைப் பார்ப்பதற்கான, வெள்ளையான, இரக்கமில்லாத வெளிச்சம். அம்மாவின் தட்டு மட்டும் இருட்டிலிருந்து குதித்து எழுந்தது. அடுத்த மேசையில் யாரோ திரும்பினார்கள். மகள், "அப்பா, மானம் போகுது," என்று முனகினாள்.

"நீ சும்மா இரு," என்றாள் அம்மா. முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு தட்டை விட்டுவிட்டு, கண்ணாடி உறையைத் திறந்தாள். "இதை அப்படியே தூக்கு. சின்னவன் பக்கம் அடி, பாப்போம்."

பெரியவன் அடித்தான். சின்னவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தான். வெளிச்சத்தில் அவன் காது இன்னும் சிவந்திருந்தது.

"சிரிக்காத. சும்மா இரு." அம்மா அவன் பக்கம் குனிந்தாள். "இந்தப் பக்கம் நரைச்சிருச்சே உனக்கு. அன்னிக்கு ஆஸ்பத்திரியில கறுப்பா தெரிஞ்சுது."

"அன்னிக்கு மை போட்டிருந்தேம்மா."

"அதான பாத்தேன்."

அம்மா அவனை நிதானமாகப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் பெரியவன் கை நடுங்காமல் விளக்கைப் பிடித்திருந்தான். அடுத்தது சின்ன மருமகள். அடுத்தது பேத்தி, முகத்தைக் கையால் மூடியவளின் கையை விலக்கிப் பார்த்தாள். அடுத்தது பெரிய மருமகள். "கண்ணுக்குக் கீழ என்ன இப்படி இருக்கு? நீ தூங்குறதே இல்லையா?" ஒவ்வொரு முகமாக இருட்டிலிருந்து எழுந்து, பார்க்கப்பட்டு, மறுபடி இருட்டுக்குள் இறங்கியது. பிடித்திருந்தவனின் முகத்தில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் விழவில்லை. விளக்கு பிடிக்கிற வேலை அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான். ஏரிக்கரையில் மூன்று பக்கமும் கண்ணாடி. மேலே பால்வெள்ளை விளக்குகள். இந்நேரம் அங்கே யாருக்கும் யாரும் வெளிச்சம் பிடிக்கத் தேவையில்லை.

பொத்தானை அணைக்கப் போனான்.

"எங்க அணைக்கிற? குடு இங்க."

அம்மா அவன் விரல்களிலிருந்து டார்ச்சைப் பிடுங்கினாள். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சம் மேசை விரிப்பில் ஓடி, கூரையைத் தொட்டு, அடுத்த மேசைக்காரரின் மார்பைக் கடந்து, கடைசியில் நேராக அவன் முகத்தில் வந்து விழுந்தது.

"என்னையத்தான் தெனம் பாக்குறியேம்மா," என்றான்.

"எங்க பாக்குறேன்? விடியறதுக்குள்ள போற. வந்தா தட்டைப் பாத்து சாப்புடுற. எப்ப உன் மூஞ்சிய நிமித்தியிருக்க?"

அவனுக்கு எதுவும் தெரியவில்லை. மேசை இல்லை, தம்பி இல்லை, அம்மாவும் இல்லை. எதிரே ஒரு வெள்ளை வட்டம். அதற்குப் பின்னாலிருந்து அவளுடைய மூச்சும், மீனின் வாசனையும் மட்டும் வந்தன. கதவிடுக்கில் விரல் விட்டுப் பார்க்கிறவனின் முகத்தில் இப்போது ஒருத்தி விரல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை விரிப்பில் கடுகளவு கறையையும் கதவருகிலிருந்தே கண்டுபிடிக்கிறவள். 'அந்த மூணாவது எடம்...' என்று ஒரு வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்து நின்றது.

"என்னம்மா பாக்குற?" என்றான் கடைசியில்.

"இரு. இன்னும் பாத்து முடிக்கல."

எழுபது வயது மணிக்கட்டு கொஞ்சம் நடுங்கியது. வட்டமும் நடுங்கியது. கண்ணில் நீர் முட்டியும் பெரியவன் இமைக்காமல், தலையைக் குனியாமல், அந்த வெளிச்சத்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.